புகை என்பது சேதாரம்

“புகையே வராத மருந்தையும் பொட்டப்புள்ள படிக்கிற கெமிஸ்ட்ரியையும் நம்பி எவன்ட்டி காசு போடுவான்?” என்று அப்பா கேட்டார்.

ஆரியசாலையில் எங்களுக்கு லைசென்ஸ் பெற்ற துப்பாக்கித் தோட்டாக் கடை, பின்னால் வீடு. பழைய கரிமருந்துத் தோட்டாக்களோடு அந்த வருடம் புகையில்லா மருந்து அடைத்தவையும் வந்திருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போதைய இரண்டு வருட இன்டர்மீடியட் முடித்துவிட்டு, பி.எஸ்ஸி. வேதியியல் படிக்க அப்பாவின் சம்மதத்துக்குக் காத்திருந்தேன்.

கல்லாற்றில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த ஒருவர், காட்டுப்பன்றியைச் சுட வாங்கிய புதுத் தோட்டாக்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டாக்கும். வெடிச்சா புகையே இல்ல. பன்னி ஓடக்கூட இல்ல. என்னையே பாத்துட்டு நிக்குது.”

அப்பா என்னைப் பார்த்தார். படித்தவள் பதில் சொல்லவேண்டிய இடம். ஒரு தோட்டாவைப் பிரித்து, கடையை விட்டுத் தள்ளி, கிணற்றடியில் ஓட்டுத்துண்டின்மேல் அந்த மருந்தில் ஒரு சிட்டிகை வைத்து, நீளக் குச்சியால் தீ காட்டினேன். சுர்ரென்று எரிந்து அணைந்தது. சத்தமே இல்லை.

“புகைதான் இல்லன்னு நெனச்சேன். வெடியும் இல்ல” என்றார் அப்பா. “காலேஜ் கத முடிஞ்சுது, கேட்டியா.”

திறந்து கிடந்தால் அது வெறுமனே எரியும், குழலுக்குள் அடைபட்டால்தான் எரிந்து வரும் வாயு வழியில்லாமல் குண்டுகளைத் தள்ளும் என்றேன். கரிமருந்தில் பாதிக்குமேல் வாயுவாகாமல் பொடியாக நின்றுவிடும், புகை அதுதான், இதில் ஏறக்குறைய எல்லாமே வாயு என்றும் சொன்னேன். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒன்றும் ஏறவில்லை.

“புகை சேதாரம் அப்பா.”

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். “அப்போ இத்தன வருஷமா சேதாரத்தக் காட்டியா ஏவாரம் பண்ணேன்?”

பிறகு கல்லாற்றுக்காரரிடம், “ஒரே பலகையில ரெண்டையும் சுட்டுப்போட்டுக் கொண்டுவாரும்” என்றார்.

அடுத்த வாரம் அவர் பலாப்பலகையைத் தோளில் சுமந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா துளைகளில் ஈர்க்குச்சியை விட்டு அளந்தார். இரண்டு மருந்துக்கும் ஒரே ஆழம்.

“அப்போ பன்னி நின்னதுக்கு மருந்து காரணமில்ல” என்றார்.

வந்தவர் புதுத் தோட்டாக்களையே வாங்கிக்கொண்டு போனார். அப்பா பலகையைக் கடைமுன் சாத்திவைத்தார்.

“பி.எஸ்ஸி. எத்தன வருஷம்ட்டி?”

“ரெண்டு.”

“யோசிப்போம்.”

நிதானமாக யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று காலையே கல்லூரியில் வேதியியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் பலகையைப் பார்க்க வந்திருந்தேன்.