ஆம்புலன்ஸிலிருந்து வந்த ஓட்டு

வில்ஃப் டிரான்டர் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் எங்கள் நாடாளுமன்றத்தின் வாயிற்காவலர். கறுப்பு வால்கோட்டும் நெஞ்சில் பித்தளை வில்லையுமாக அவர் நின்றால், மந்திரிகளே தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவார்கள். உறுப்பினர்கள் யாரையும் அவருக்குப் பிடிக்காது. “பேசுறதுக்குச் சம்பளம், தூங்குறதுக்குப் படி” என்பார். தேநீர் அறையில் வேலை பார்த்த என்னிடம் மட்டும் கொஞ்சம் சிரிப்பார், அதுவும் என் டீயைக் கிண்டல் செய்ய.

அவர் உயிரையே வைத்திருந்தது அண்ணன் லென் மேல்தான். சாத்தம் கப்பல் கட்டும் துறையில் குழாய்களுக்குக் கல்நார் சுற்றி, அந்தத் தூசி நுரையீரலில் இறங்கி, லென் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அன்று சபைக்கு வந்ததோ அப்படிப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் மசோதா. இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. மசோதாவை ஆதரித்த பக்கத்தில் ஹார்கிரீவ் என்ற வக்கீல் உறுப்பினர் இதயநோயில் கிடந்தார். அவர் ஓட்டு விழுந்தால்தான் ஜெயிக்கும்.

நோயாளி சபைக்குள் நடந்து வர வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் முற்றத்துக்குள் வந்து, எதிர்த்தரப்புக் கொறடா எட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று தலையசைத்தால் போதும், ஓட்டு கணக்கில் சேரும். அது எங்கள் வழக்கம்.

சாயங்காலம் தேம்ஸிலிருந்து பனிமூட்டம் முற்றம் வரை ஏறியிருந்தது. ஓட்டுநருக்கு நான் டீ கொண்டு போயிருந்தேன். வில்ஃப் விளக்கைப் பிடிக்க, கொறடா பிம் கதவைத் திறந்தார்.

“என்னய்யா ஹார்கிரீவ், இருக்கியா போயிட்டியா?”

 போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. தடித்த விரல்கள், வெடித்த நகங்கள். பேனா பிடித்த வக்கீலின் கை அல்ல அது. 

“சரி சரி, உள்ள வை. குளிரப் போகுது” என்று பிம் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

வில்ஃப் விளக்கைத் தாழ்த்தினார். “அது லென் கைம்மா” என்றார். “அந்தக் கையால எத்தனை குட்டு வாங்கியிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்தது. உள்ளே இன்னும் கைதட்டல் அடங்கவில்லை. டாக்டர் வந்து ஹார்கிரீவைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆம்புலன்ஸ் தேம்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். பிம் ஓடிப்போய், செத்தவர் ஓட்டு செல்லாது என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். சபாநாயகர் வில்ஃபைத் தன் அறைக்கு அழைத்தார். சாட்சி என்று நானும் பின்னாலேயே போனேன்.

“கை எழுந்ததைப் பார்த்தியா, டிரான்டர்?”

“பார்த்தேன் ஐயா.”

“அது ஹார்கிரீவ் கைதானே?”

வில்ஃப் என்னைப் பார்த்தார். மசோதாவுக்காகத் தயங்குகிறார் என்று சபாநாயகர் நினைத்திருப்பார். எனக்கல்லவா தெரியும். அது ஹார்கிரீவ் கை இல்லை, லென் கை என்றால், வீட்டில் கிடந்தவர் செத்துப்போகாமல் இங்கே எப்படி வந்தார்?

“அவர் கைதான் ஐயா” என்றார் வில்ஃப். “வேற யார் கையா இருக்கும்?”

நானும் தலையாட்டினேன். பாவம், வேறென்ன செய்வது?

சபாநாயகர் சபைக்குத் திரும்பித் தீர்ப்பு சொன்னார். கொறடா கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்டதைச் சபை மறுபடி கிளறாது; அந்த நேரத்தில் உறுப்பினர் உயிரோடு இருந்தார் என்றே கொள்ளப்படும்; ஓட்டு செல்லும்.

வாசலில் வில்ஃப் என் தோளைப் பிடித்து உலுக்கினார். குழந்தைபோலச் சிரித்தார். “கேட்டியாம்மா? சபாநாயகரே சொல்லிட்டார். ஹார்கிரீவ்தான் கையைத் தூக்கினார். லென் வீட்டுலதான் இருக்கான்.”

காவலர் கூண்டில் தொலைபேசி அடித்தது. நான் கையை நீட்டினேன்.

“எடுக்காதேம்மா” என்றார். “நீ எடுக்காத வரைக்கும் அவன் உயிரோட இருக்கான்.”

மணி நின்றது. வில்ஃப் மூச்சு விட்டார். மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.