செல்வராணியின் இடது கை

மலேசியாவில் குளுவாங் பக்கம் எந்தக் கல்யாணப் பெண்ணைக் கேட்டாலும், கையில் மருதாணி போட்டவள் யோகேஸ்வரி என்றுதான் சொல்வாள். பல வருடத் தொழில். அச்சு எதுவும் வைக்க மாட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொடி தானாக ஓடும். எங்காவது கோணினால் சுண்டுவிரலால் ஒரு வழி வழித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

இப்படி நிம்மதியாக இருந்தவளுக்குத்தான் பச்சை குத்தும் ஆசை வந்தது. கழுவக் கழுவப் போகிற வேலையே போதாதா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் காதில் வாங்கவில்லை. டாட்டூ கடை வைத்திருக்கும் ரூபேந்திரனிடம் சேர்ந்து ரப்பர் தோலில் ஊசி பிடித்துப் பழகினாள். ரப்பருக்கு வலிக்காது, கோணினால் குப்பைத்தொட்டி இருக்கிறது.

முதல் மனிதத் தோலாக வந்து உட்கார்ந்தவள் பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கின் செல்வராணி, பள்ளித் தோழி. ஒரு தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போது கொதி எண்ணெய் சாய்ந்து இடது கை முழுக்கத் தழும்பு. அதிலிருந்து அவளுக்கு நீளக் கைச் சட்டைதான். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தழும்பை மூடி ஒரு முல்லைக் கொடி கேட்டாள். பிசகினால் தழும்பு மேல் தழும்பு. அந்தப் பயத்தில் யோகேஸ்வரிக்கு முதல்நாள் சோறு இறங்கவில்லை.

ரூபேந்திரன் கொடி வரைந்த அச்சுத்தாளைக் கையில் ஒட்டி எடுத்தான், ஊதாக் கோடு தோலில் பதிந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் ஊசி போக வேண்டும். முதல் இலை நன்றாகவே வந்தது. மையும் கொஞ்சம் ரத்தமும் கசிந்தன. மெல்ல ஒற்றி எடுக்க வேண்டிய இடத்தில் மருதாணிப் பழக்கம் முந்திக்கொண்டது. சுண்டுவிரல் ஒரு வழி வழித்தது. பாதிக் கொடியின் ஊதாக் கோடு கையுறையோடு வந்துவிட்டது.

கசியும் தோலில் மறுபடி அச்சு ஒட்டாது. ரூபேந்திரன் ஊசி மிஷினுக்குக் கை நீட்டினான். கொடுத்தால் இனி ஊசியைத் தொடவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கொடுக்கவில்லை.

"ராணி, கோடு அழிஞ்சிருச்சி. என் தப்புதான். இனிமே கையாலேயே போடணும். பயமா இருந்தா ரூபன் முடிச்சிருவாரு."

"என் கல்யாணத்துக்கு மருதாணி எதப் பாத்துப் போட்ட? போடுலா."

போட்டாள். தழும்பு மேடு பள்ளமாகக் கிடந்தது. இலைக்கு இலை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில், தடித்த ஒரு மேட்டில் ஊசி துள்ளியது. தண்டை விட்டு மெல்லிய கோடு ஒன்று வெளியே நீண்டுவிட்டது. சுருட்டி இன்னொரு கொடியாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மறைக்க மனம் வரவில்லை. விரலால் காட்டிச் சொல்லிவிட்டு, குற்றவாளி போலத் தலை குனிந்துகொண்டாள்.

செல்வராணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எண்ணெய் என்னைக் கேட்டா கொட்டுச்சி? இது நான் கேட்டு வாங்குனது. இருக்கட்டும்."