அருவிக்குப் போகும் பாதை

பாலோ என்ற ஊருக்கு மேலே மலைக்காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலம். நாங்கள் கப்பலிறங்கி வந்த முதல் மழையிலேயே காய்ச்சல் என் கணவரைக் கொண்டுபோய்விட்டது.

வாய்விட்டு அலறினேன். தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

“சத்தம் போடாதடி! வீட்டுக்கு வீடு காய்ச்சல்ல கிடக்கிறாங்க. கேட்டா மனசு விட்டுப்போயிடும். இந்த மலையில ஒப்பாரி கிடையாது.”

இவளும் ஒரு பெண்ணா என்று அவள் கையைக் கடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மலைக்குப் பின்னால் இருந்த அருவிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

“இப்ப அழு” என்று காதருகே கத்தினாள்.

அழுதேன். அவளும், எப்போதோ புதைத்த தன் மகனின் பெயரைச் சொல்லி மாரடித்து அழுதாள்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். அத்தனை அடர்ந்த காட்டில், அந்தப் பாதையில் மட்டும் புல்லே முளைத்திருக்கவில்லை.