எழுதிக் கொடுங்கள், போகிறேன்

சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம், மாகாண மட்டப் போட்டியில் மூவாயிரம் மீற்றர் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தேன். அன்று மாலையே நகரத்துப் பெரிய பள்ளிக்கூடமொன்றின் கோச் என்னைத் தேடி வந்தார். எங்கள் விளையாட்டு ஆசிரியர் பக்கத்திலேயே நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமே போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேன் வட்டகொடையில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் நின்றது.

விடுதி உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, ஓடுவதற்குச் செயற்கைப் பாதை உண்டு, உயர்தரத்தைத் தமிழிலேயே படிக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியைக் கழற்றாமலே நின்று கேட்டாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"புள்ள படிப்பு கெட்டுப் போகாதுங்களே?"

"நாங்க பாத்துக்கிறது," என்றார் கோச், அரைகுறைத் தமிழில்.

எனக்குப் போக ஆசை. அதை மறைக்க ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில், லொறிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகியவள் நான். நேராக, தடங்கலில்லாமல் ஓட ஒரு பாதை கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

விடுகைப் பத்திரம் கேட்கப் போனபோதுதான் எங்கள் அதிபர் விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடம் மாறிப் போகும் பிள்ளை புதிய பள்ளிக்கூடத்துக்காக ஒரு வருடம் ஓட முடியாது. பழைய பள்ளிக்கூடம் சம்மதித்தால் மட்டும் ஓடலாம்.

"நீ போறத நான் தடுக்க ஏலாது. ஆனா சம்மதம் குடுக்க மாட்டேன்," என்றார். "நாங்க வளக்குறோம், அவங்க வந்து அள்ளிக்கிட்டுப் போறாங்க."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் அள்ளிக்கொண்டு போனவர்கள் மேல் விழவில்லை. என் மேல்தான் விழுந்தது. கோச்சிடம் சொன்னேன். அதெல்லாம் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்றார். யாரும் பேசவுமில்லை, எதுவும் சரியாகவுமில்லை. சம்மதமில்லாமலே புதிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அந்த வருட அகில இலங்கைப் போட்டியில் எங்கள் அணியின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மாகாண மட்டத்தில் எனக்குப் பின்னால் வந்த பிள்ளை வெண்கலப் பதக்கம் வாங்கியதைப் பார்த்தேன். கைதட்டினேன். எழுந்து அந்தப் பாதைக்குள் குதித்துவிடலாமா என்றிருந்தது.

தமிழில் படிக்கலாம் என்றார்களே, அதுவும் பாதிதான் உண்மை. தமிழ் வகுப்பு இருந்தது. புவியியலுக்கு ஆசிரியர் இல்லை. சிங்கள வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஆசிரியை சொல்வதைக் காதால் கேட்டு, தமிழில் எழுதிப் பழகினேன். காலையும் மாலையும் பயிற்சி. மூவாயிரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே நல்ல பிள்ளை இருந்ததால் என்னை எண்ணூறுக்கு மாற்றினார்கள். என் கால்கள் மேட்டில் நின்று நிதானமாக ஏறப் பழகியவை. எண்ணூறுக்கு வேண்டியது வேறு வேகம். முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியது. கோச்சிடம் சொன்னால், வலிக்காத கால் ஓடவே இல்லை என்று அர்த்தம் என்பார்.

தடை முடிந்து நான் ஓடிய முதல் போட்டியிலேயே இரண்டாவது சுற்றில் கால் நின்றுவிட்டது. விழவில்லை. நடந்து வெளியே வந்தேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எலும்பில் மயிரிழை போல வெடிப்பு, மாதக்கணக்கில் ஓடக்கூடாது என்றார் டாக்டர். கோச் பார்க்க வரவில்லை. சில நாட்களில் பிரதி அதிபர் என் அப்பாவை வரச் சொல்லி ஆளனுப்பினார்.

அப்பா லீவு போட்டுவிட்டு விடிகாலை ரயிலில் வந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பிரதி அதிபர் மரியாதையான அம்மாதான். அப்பாவை உட்காரச் சொன்னார். பிறகு சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். விடுதிக் கட்டில்கள் ஓடுகிற பிள்ளைகளுக்கு உரியவை. புதிதாக ஒரு பிள்ளை வருகிறாள். உங்கள் மகள் வீட்டுக்குப் போய், பழைய பள்ளிக்கூடத்திலேயே படிப்பைத் தொடர்வது அவளுக்கும் நல்லது.

பழைய பள்ளிக்கூடத்தில் நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். நான் எடுத்த பாடங்களில் ஒன்று அங்கே இல்லை. உயர்தரத்தின் பாதியில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொன்னேன். அதை அவர்களோடுதான் பேசிக்கொள்ள வேண்டும் என்றார்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துத் துரைமாருக்கு முன்னால் நின்று நின்று பழகிய தலை அது. "சரிங்க மேடம், கூட்டிக்கிட்டுப் போறேன்," என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். வாழ்க்கையில் அப்பாவை நான் அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு சிங்களத்தில் பேசினேன். சிங்கள வகுப்பில் புவியியல் படித்ததில் அந்த ஒரு லாபம் இருந்தது.

"நான் போகிறேன் மேடம். ஓட முடியாததால் படிப்பின் பாதியில் என்னை வெளியே அனுப்புகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். இப்போதே பெட்டியைக் கட்டுகிறேன்."

அப்படி எழுதுவதில்லை என்றார். அப்படியானால் நானும் போவதில்லை என்றேன். இப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். உண்மையில் யாரும் இல்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார். அவர்கள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை.

வாசலில் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பஸ் வந்ததும், "சாப்பாடு போடாம விட்டாங்கன்னா போன் பண்ணு. நான் வந்து கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

சாப்பாடு நிற்கவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலும் முட்டையும் நின்றன. என் கட்டிலைக் குளியலறைச் சுவரோரம், ஈரம் கசியும் மூலைக்கு மாற்றினார்கள். கோச் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் ஒவ்வொரு நாளும் அவருக்கு "குட் மோர்னிங் சார்" சொன்னேன். ஒரு நாளும் விடவில்லை.

புதிய பிள்ளை வந்தாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். என்னோடு பேச வேண்டாம், நான் பிள்ளைகளைக் கெடுக்கிறவள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதை அவளே வந்து சொன்னாள். நான் எனக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். சம்மதம் வாங்கியாகிவிட்டதா, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், காலில் அடிபட்டால் கட்டில் யாருக்கு, இதையெல்லாம் இப்போதே கேள் என்றேன். அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா எனக்கே போன் எடுத்தார்.

"ஒனக்கு நொண்டிப் போச்சுன்னு எம் புள்ளையயும் ஒக்கார வைக்கப் பாக்குறியா?"

"இல்லீங்கம்மா. அவ ஓடட்டும். கேட்டுக்கிட்டு ஓடட்டும்."

போனை வைத்துவிட்டார். பிள்ளையும் எதையும் கேட்கவில்லை. அவளுடைய பழைய பள்ளிக்கூடம் சம்மதம் கொடுத்திருந்தது. அவள் கால் நன்றாக இருந்தது. அடுத்த வருடம் அகில இலங்கையில் இரண்டாவதாக வந்தாள். சந்தோஷப்பட்டேன். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது. அவளுக்கு எதுவும் பிசகாமல் போனது அதிர்ஷ்டம். ஒரு பிள்ளையின் படிப்பை அதிர்ஷ்டத்தின் மேல் நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் சண்டை.

உயர்தரம் எழுதி முடித்துத்தான் அந்தக் கட்டிலை விட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. வீட்டிலிருந்து திரும்ப எழுதினேன்; கல்வியியற் கல்லூரி கிடைத்தது. இப்போது வலப்பனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் பிள்ளைகளைத் தேடி வேன்கள் வரத்தான் செய்கின்றன. போகாதே என்று நான் யாரையும் மறிப்பதில்லை. எங்கள் அதிபர் சம்மதம் கொடுக்கத் தயங்கினால் அவரோடும் மல்லுக்கு நிற்கிறேன். ஆனால் வேனில் வருகிறவர் பெற்றோரோடு தனியாகப் பேச முடியாது. நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். போன மாதம் வந்த ஒருவர், "டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கலாமே," என்றார்.

"இல்லீங்க சார், நான் இங்கயே இருக்கேன். நீங்க பேசுங்க," என்றேன்.