சிஸ்டருக்கும் கோபம் வரும்

பன்னிரண்டு வயதில் என்னால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்திருப்பேன். அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர்; சிப்பாய்க்கு பிரெஞ்சில் 'சொல்தா' என்பதால் தெருவில் எங்களுடையது 'சொல்தா வீடு'. பள்ளி முடிந்ததும் என்னைப் பிரான்சிலிருக்கும் அத்தையிடம் அனுப்புவதென்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது.

ஞாயிறுதோறும் பெரியம்மா, கன்னியர்கள் நடத்திய முதியோர் இல்லத்துக்கு ஒரு தூக்கு நிறைய மீன்குழம்பு கொண்டுபோவார். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் அம்மா என்னையும் அவரோடு அனுப்பிவைத்தாள்.

அங்கே ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி. பிள்ளை வெளிநாட்டில், போன்கூட வருவதில்லை என்றார் பெரியம்மா. இளம் சிஸ்டர் ஒருவர் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, பாட்டி தட்டைப் பிடுங்கி வீசினாள். சிஸ்டரின் வெள்ளை அங்கியெல்லாம் குழம்பு. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

சிஸ்டர்களுக்குக் கோபம் வருமா என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளியை அவர் உதைத்த உதையில் அது மதில்வரை உருண்டது.

"ஆண்டவரே, இன்னிக்கி என்னால முடியாது. நீயே போய் அந்தக் கெழவிக்கு ஊட்டு!"

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"என்ன பாக்குற? சிஸ்டருக்குக் கோவம் வராதுன்னு நெனச்சியா?"

"அவ்ளோ கோவம் வந்தா வீட்டுக்குப் போயிடுங்களேன், சிஸ்டர்."

அவர் சிரித்துவிட்டார். "பல நாள் கெளம்பிட்டேன் பாப்பா. வாசல் வரைக்கும் போவேன். அந்தக் கெழவி சாப்டுச்சோ இல்லியோன்னு இருக்கும். திரும்பிடுவேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறொரு தட்டில் சோறு போட்டு என் கையில் கொடுத்தார். "நீ குடுத்துப் பாரு."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். சாப்பிட்டு முடித்தும் என் மணிக்கட்டை விடவில்லை. பெரியம்மா வந்து கூப்பிடும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகுதான் உண்மையான தவிப்பு ஆரம்பித்தது. வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரைக்குப் போனாலும், போன வேகத்தில் திரும்பிவரத் தோன்றியது. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் வாசலில் நிற்பேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அம்மா முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள். பிறகு, சாமியாருக்குத் தெரியாமல், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் வீடே இருமியது. நான் மட்டும் அப்படியே இருந்தேன்.

தாங்க முடியாமல் ஒருநாள், டியூஷனுக்கென்று கிளம்பிய சைக்கிளை இல்லத்துக்குத் திருப்பினேன். பாட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "யார்ரி நீ? திருட வந்தியா?" என்று கத்தி, தம்ளரில் இருந்த தண்ணீரை என்மேல் ஊற்றினாள். அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. நனைந்த பாவாடையோடு மறுபடியும் தண்ணீர் மொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். பல நாள் கழித்து அன்றுதான் மனசு ஓரிடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நான் சிஸ்டரா போகப் போறேன்."

அப்பா குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "அஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல குந்தமாட்டா, இவ சிஸ்டராம்!" பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். பிரான்சிலிருந்த அத்தைக்கும் போனில் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து வந்தாள். என்னை இழுத்துத் தன் முன்னால் உட்காரவைத்தாள். காலையில்தான் பின்னிய சடையை அவிழ்த்து, சிக்கே இல்லாத தலையை வாரினாள். மறுபடியும் பின்னினாள். திரும்பவும் அவிழ்த்தாள்.

"வலிக்குதும்மா, விடு."

அவள் விடவில்லை. டியூஷனுக்குப் போகாததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, அடிக்குப் பயந்து குனிந்திருந்தேன். அன்று என் பேச்சை நம்பியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியவில்லை.