மைனஸ் ஒன்று

கப்பலூர் தொழிற்பேட்டையில், கொதிகலன்களுக்கு அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிறவள் ஹம்சவேணி ஒருத்திதான். காளவாசலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஆறு வருஷமாக அவள் எழுதிய எதையும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் செய்தால் சரியாக இருக்கும் என்றார்கள். நாளாவட்டத்தில் அவளும் அப்படியே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

அரிசி ஆலைக் கொதிகலனில் நீராவி அழுத்தம் எத்தனை கிலோ வரை ஏறலாம் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கோப்பு சொல்லும். அந்த அளவு வந்ததும், தீக்குக் காற்று ஊதும் ப்ளோயரைப் பெட்டி நிறுத்திவிடும். கண்டவர்கள் அதை மாற்றிவிடக் கூடாதென்று, 2003-ல் கோப்போடு டிஜிட்டல் கையெழுத்தும் வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். அதைச் சரிபார்க்க, எந்தச் சின்னச் சிப்பிலும் ஓடக்கூடிய, சி மொழியில் எழுதிய இலவச லைப்ரரி ஒன்றை ஹம்சவேணி இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்தாள். கையெழுத்து சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு.

மறு வருஷம் மே மாதத்தில் ஒரு காலை, ரிப்பேருக்கு வந்த பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். கோப்பு பாதியோடு நின்றிருந்தது; ஏற்றும்போது கரண்ட் போயிருக்க வேண்டும். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

லைப்ரரியின் கையேட்டை எடுத்து, ஒரு வருஷத்துக்கு முன் அவசரத்தில் தாண்டிப்போன பக்கத்தை வாசித்தாள். சரியென்றால் ஒன்று. தப்பென்றால் பூஜ்யம். சரிபார்க்கவே முடியாவிட்டால் மைனஸ் ஒன்று. அவள் எழுதியிருந்த வரியோ, பூஜ்யம் வராவிட்டால் ஏற்றுக்கொள் என்றது. தவறான கையெழுத்தைத் தடுத்தது. கையெழுத்தே இல்லாததை உள்ளே விட்டது.

அழுத்த அளவு இருந்த இடத்தைப் பார்த்தாள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து. எழுதப்படாத நினைவகம் அப்படித்தான் இருக்கும். அந்த அளவு ஒருபோதும் வராது; ப்ளோயர் நிற்கவே நிற்காது.

அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி சாய்பிரசாத் குரலைத் தாழ்த்தினார். “நாப்பத்தொரு பெட்டி வெளிய இருக்கும்மா. இப்பச் சொன்னா கம்பெனிய மூடணும். அடுத்த சர்வீஸ்ல சத்தமில்லாம மாத்திருவோம்.”

அவள் பெட்டிகளை மாட்டும் முத்திருளனைத் தேடிப் போனாள். “கோப்பு ஏத்தும்போது வேற எங்கயாவது கரண்ட் போச்சா?”

“முந்தாநேத்து சோழவந்தான் மில்லுல போச்சு மேடம். திரும்ப வந்ததும் பச்சை எரிஞ்சுச்சு. சரின்னு கெளம்பிட்டேன்.”

மில்லுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

அவன் பைக்கில் இருவரும் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. நெல் காயும் களத்தில் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். கொதிகலன் வழக்கமில்லாத ஒரு தடித்த குரலில் உறுமியது. அழுத்தமானியின் முள் பதினொன்றைத் தாண்டியிருந்தது. பாதுகாப்பு வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

“கண்ணுச்சாமி அண்ணே, ப்ளோயர நிறுத்துங்க! உமி போடாதீங்க!” முத்திருளன் கத்தினான்.

கொதிகலன்காரர் திரும்பிப் பார்த்தார். “ஏப்பா, பச்சைதான எரியுது?”

“அது பொய்ங்கய்யா,” என்றாள் ஹம்சவேணி. “நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ப்ளோயரை அணைத்தார். பெண்களைச் சாலைக்கு விரட்டினார்கள். முள் இன்னும் அரைக் கிலோ ஏறியது. பிறகு நின்றது. இறங்கத் தொடங்க வெகுநேரம் ஆனது.

அன்று மாலையே கொதிகலன் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வேலை போனது. புது ப்ரோக்ராமை மட்டும் முடித்து முத்திருளன் கையில் கொடுத்துவிட்டே வெளியேறினாள். அவன் மூன்று வாரம் ஊர் ஊராகப் போய் பெட்டிகளை மாற்றினான்.

நாற்பது பெட்டிகள் கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை. அது இருந்த ஆலையைப் பிரித்து, கொதிகலனோடு பெட்டியையும் யாரோ ஒரு வியாபாரிக்கு விற்றிருந்தார்கள். லாரி எந்தப் பக்கம் போனதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஹம்சவேணி இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை பழைய இரும்பு வியாபாரிகளுக்குப் போன் போட்டு, பெட்டியின் எண்ணைச் சொல்லிக் கேட்கிறாள்.