நூல் மில்லில் ஓடிய இறக்கை

விமான இறக்கை தரையை நெருங்கினால் அடியில் காற்று சிக்கி அதை மேலே தூக்கும்; எவ்வளவு தூக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் நான் செய்த ஆராய்ச்சி. இப்படி எதிலாவது மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாதக் கடைசிக்குள் முடிவு வராவிட்டால் பிஎச்.டி. பதிவு ரத்தாகிவிடும் என்று சென்னையிலிருந்த கைடு சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்து பட்ட பாடெல்லாம் வீண். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாமனார் கேட்டது

மாமனார் ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டார். சாப்பாட்டை ஆறவிட்டு, அப்பளத்தை இலைக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏரோப்ளேன்தான் தரைக்கு வந்திருச்சே மாப்ள, பொறவு றெக்கைக்கு என்ன சோலி?"

திங்கட்கிழமை லாரி

நான் வேலை பார்த்த கல்லூரியில் கரண்ட் அடிக்கடி போய்விடும். மாமனார் சொல்லி, ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் கணக்கை ஓடவிட்டேன். திங்கள் காலையிலும் முடியவில்லை. செத்த நேரம் பொறுக்கச் சொல்லி மில் கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சினேன். அதே கம்ப்யூட்டரில் போட வேண்டிய பில்லுக்காக வாசலில் நூல் ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் நானே நிறுத்தினேன். அழுகையே வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "வருத்தப்படாதீய சார், ஒங்க றெக்கைக்கு யாரும் ஹாரன் அடிக்கல."

கண்டக்டர் கூப்பிட்டது

திரும்பும் பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் படியருகே நின்றேன். கீழே தார் ரோடு பின்னால் ஓடியது. அப்போதுதான் உறைத்தது. கணக்கில் இறக்கையை நிறுத்தி வைத்துக் காற்றை ஓடவிட்டிருந்தேன். அப்படியானால் காற்றோடு தரையும் ஓட வேண்டும். என் தரை அசையாமல் கிடந்தது. இதுவரை கைடுக்கு அனுப்பியது அத்தனையும் தப்பு. கண்டக்டர் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "ரோட்டையே என்ன பாக்கீய, அது எங்கயும் ஓடிராது. உள்ள வாங்க."

சென்னைக்கு ஒரு போன்

மறைத்தால் மாட்டுவோம், சொன்னால் தொலைந்தோம். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், எல்லாமே தப்பு, மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பதிவு போயிற்று என்றே நினைத்தேன். பிறகு கைடு நிதானமாகச் சொன்னார்: "பதறாதே, மெதுவாத் திருத்தி அனுப்பு. நீ போன தீபாவளிக்கு அனுப்பினதையே நான் இன்னும் பிரிக்கலை."

ஆராய்ச்சியில் இறங்குகிறவர்கள் வேறு எதைக் கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், கைடு கவரைப் பிரிக்கும் வேகத்தை மட்டும் முதலிலேயே போட்டு வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.